செயற்கை மூட்டின் வடிவமும் தானியங்கி அசைவு அளவீடும்: முதல் படம் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 11 பேரை ஃப்ளூரோஸ்கோப்பியில் (அசைவைத் தொடர் எக்ஸ்ரேயாக எடுக்கும் முறை) படம் பிடித்து, மென்பொருளில் ஏற்றி, அசைவு வரைபடங்களையும் வரைந்து முடித்திருந்தேன். துறைக் கூட்டத்தில் அவற்றைக் காட்டியபோது மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் கேட்டார்: "படியில் ஏறும்போது இந்த அம்மாவின் கால் ஒரு நொடிக்குள் 8 டிகிரி உள்ளே திரும்பி, உடனே வெளியே திரும்புகிறதா? அப்படித் திரும்பினால் அவர் விழுந்திருப்பாரே!" என்னிடம் பதில் இல்லை. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. மென்பொருளில் பிழை இல்லை, கருவியிலும் இல்லை. இம்பிளான்டின், அதாவது உள்ளே பொருத்திய செயற்கை மூட்டின், வடிவமே காரணம். அந்த 11 பேரிடமும் திரும்பிப் போய் இன்னொரு முறை கதிர்வீச்சு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. ஏழு மாத உழைப்பு அப்படியே போனது.

பயோமெடிக்கல் பொறியியல் படித்துவிட்டு எலும்பு மூட்டுத் துறையோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்குபவர்களும், ஆய்வேட்டுக்காக இந்த அளவீட்டை எடுத்துக்கொள்ளும் முதுநிலை மருத்துவ மாணவர்களும், பிசியோதெரபி ஆய்வாளர்களும் இதே குழியில் விழுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் முழங்காலைப் பற்றியே பேசுவேன். இந்தியாவில் ஒரு பயிற்சி மருத்துவமனையில், ஒரே ஒரு சி-ஆர்ம் கருவியை (வளைந்த கையில் பொருத்திய எக்ஸ்ரே கருவி) வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

அளவீடு நடக்கும் விதம் இதுதான். எக்ஸ்ரே படத்தில் உலோக இம்பிளான்டின் நிழலுரு விழுகிறது. அதே இம்பிளான்டின் முப்பரிமாண மாதிரியைக் கணினி பல கோணங்களில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. எந்த நிலையில் மாதிரியின் நிழல் படத்தின் நிழலோடு பொருந்துகிறதோ, அதுவே மூட்டின் நிலை என்று முடிவு செய்கிறது. மூன்று நகர்வுகள், மூன்று சுழற்சிகள், ஆக ஆறு எண்கள். ஆறும் திரையில் ஒரே மாதிரி இரண்டு தசம இடத்தோடு வந்து நிற்பதால், ஆறையும் ஒரே அளவு நம்பலாம் என்று தோன்றிவிடும். நம்பக் கூடாது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்ரே குழாயிலிருந்து உணரித் தட்டுக்கு 1000 மி.மீ., முழங்காலுக்கு 800 மி.மீ. என்று வையுங்கள். 60 மி.மீ. நீளமுள்ள பகுதி படத்தில் 75 மி.மீ. ஆக விழும். முழங்கால் பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்ந்தால் நிழல் 1.25 மி.மீ. நகரும். ஒரு படப்புள்ளி 0.2 மி.மீ. என்றால் இது ஆறு புள்ளிகள், தெளிவாகத் தெரியும். அதே முழங்கால் உணரியை நோக்கி 1 மி.மீ. நகர்ந்தால் நிழலின் நீளம் 75-லிருந்து 74.91 மி.மீ. ஆகிறது. அரைப் புள்ளிக்கும் குறைவு. ஒற்றைத் திசைப் படத்தில் ஆழத் திசை நகர்வை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆகவே உங்கள் கேள்வி 'முழங்கால் எவ்வளவு மடங்குகிறது' என்பதா, 'கீழ்க்கால் தன் அச்சில் எவ்வளவு திரும்புகிறது' என்பதா, 'ஒரு பக்கத்தில் மூட்டு தூக்கிக்கொள்கிறதா' என்பதா என்று முதலில் முடிவெடுங்கள். முதல் கேள்விக்கு எந்த இம்பிளான்டும் போதும். மற்ற இரண்டுக்கும் வடிவத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

2. இம்பிளான்டின் வடிவத்தைச் சோதியுங்கள்

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியையாவது படியுங்கள்.

கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் பொருத்தும் டிபியல் தட்டுகளில் பல இடது வலது பேதமின்றிச் செய்யப்பட்டவை. நடுவில் ஒரு கோடு போட்டால் இரு பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். மருத்துவமனைக்கு இது வசதி, ஒரே தட்டை இரு கால்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். அளப்பவருக்கு இதுதான் தொல்லை. பக்கவாட்டில் படம் எடுக்கும்போது தட்டு 4 டிகிரி உள்ளே திரும்பி இருந்தாலும், 4 டிகிரி வெளியே திரும்பி இருந்தாலும், விழும் நிழல் ஏறக்குறைய ஒன்றுதான். எக்ஸ்ரே கதிர்கள் விரிந்து வருவதால் இரண்டுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். ஆனால் படத்தின் விளிம்பு மங்கலில் அது கரைந்துவிடும். எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது கணினிக்குத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரியாது. தவறான பக்கத்தைத் தேர்ந்தால் பிழை 8 டிகிரி. மாற்று மூட்டில் நாம் தேடும் சுழற்சியே பெரும்பாலும் அந்த அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தக் குழப்பம் எல்லாச் சுழற்சிகளையும் தொடுவதில்லை. பக்கவாட்டுப் படத்தில் மடங்கல் கோணம் பாதிக்கப்படாது. அச்சுச் சுழற்சியும், உள்வளைவு வெளிவளைவுக் கோணமும்தான் குறி மாறும். அதுவும் சேர்ந்தே மாறும்.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடை எலும்புப் பாகத்தில் முட்டிச்சில்லு ஓடும் பள்ளம் சாய்வாக இருந்தால், அதாவது இடது வலது எனத் தனித்தனியாக வரும் வடிவமாக இருந்தால், பெரும்பாலும் தொல்லை இல்லை. எலும்பின் உருவை ஒட்டி ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் செய்யப்பட்ட டிபியல் தட்டுகளும் (ஜிம்மர் பயோமெட்டின் பெர்சோனா ஓர் எடுத்துக்காட்டு) அளப்பதற்கு எளிது. பாலிஎத்திலீன் பாகம் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. முழுத் தட்டும் பாலிஎத்திலீனால் ஆனது என்றால் உலோகக் குறிமணி இல்லாமல் நிழல் பொருத்த வழியில்லை. இடுப்பில் அரைக்கோளக் கிண்ணம் தன் அச்சில் சுழன்றால் நிழல் மாறாது. உருண்டைத் தலை இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும், சுழற்சியைச் சொல்லாது. கூம்பு போல் வழவழவென்று செய்த தொடைத் தண்டில் நீள அச்சுச் சுழற்சிதான் மிகப் பலவீனமான அளவு. தோளில் கோளத் தலையும் வட்ட அடித்தட்டும் இருந்தால், திருகுகளையும் துளைகளையும் தவிரப் பிடிப்பதற்கு வேறொன்றும் இல்லை.

உங்கள் இம்பிளான்ட் எந்த வகை என்று ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மாதிரிக் கோப்பைக் கணினியில் திறந்து, +4 டிகிரியிலும் −4 டிகிரியிலும் நிழலை உருவாக்கி, ஒன்றின் மேல் ஒன்றை வையுங்கள். வேறுபாடு ஓரிரு படப்புள்ளிக்குள் அடங்கிவிட்டால், நீங்கள் குழப்ப வலயத்தில், அதாவது எந்தப் பக்கம் திரும்பியது என்று கணினியால் சொல்ல முடியாத கோண வரம்பில், இருக்கிறீர்கள்.

3. மாதிரிக் கோப்பை வாங்குங்கள். இதற்குத்தான் அதிகக் காலம் ஆகும்

நெறிமுறைக் குழு அனுமதிக்குக் காத்திருந்த ஏழு வாரத்தை நான் பெரிய காத்திருப்பு என்று நினைத்தேன். இம்பிளான்ட் நிறுவனத்திடமிருந்து வடிவக் கோப்பு வர ஐந்து மாதம் ஆனது. இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

நிறுவனம் முதலில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் கேட்கும். அதில் கையெழுத்திடும் அதிகாரம் மாணவருக்கோ வழிகாட்டிக்கோ இருக்காது. உங்கள் மருத்துவமனையின் தலைவரும் அதன் சட்டப் பிரிவும்தான் கையெழுத்திட வேண்டும். முடிவுகளை வெளியிட எங்கள் முன்அனுமதி வேண்டும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கலாம். கட்டாயம் தேடிப் பார்த்து, கோப்பை வெளியிடாமல் இருப்பதற்கும் ஆய்வு முடிவை வெளியிடாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தில் பிரித்து வாங்குங்கள்.

கோப்பு கிடைக்கவில்லை என்றால் மாதிரிப் பாகத்தை முப்பரிமாண ஸ்கேன் செய்யலாம். புதிதாக வாங்கினால் செலவு அதிகம். 2017 ஆகஸ்டில் விலை உச்சவரம்பு வந்தபோது கோபால்ட் குரோமியம் முழங்கால் தொகுப்புக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக ரூ. 54,720 என நிர்ணயித்தார்கள். அதன்பின் திருத்தங்கள் வந்துவிட்டன, ஆனாலும் ஒவ்வோர் அளவுக்கும் ஒன்று வாங்கினால் எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கிருமிநீக்கக் காலாவதி முடிந்த பாகங்களை விற்பனைப் பிரதிநிதியிடம் ஆய்வுக்கென்று கடிதம் கொடுத்துக் கேட்பதே நல்ல வழி. பளபளப்பான உலோகத்தை அப்படியே ஸ்கேன் செய்யாதீர்கள், ஒளி சிதறி வடிவம் கெட்டுவிடும். மேற்பரப்பில் மங்கல் பூச்சு தெளித்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். நோயாளியின் சி.டி. ஸ்கேனிலிருந்து இம்பிளான்டின் வடிவத்தை எடுக்க முயல வேண்டாம். உலோகச் சிதறலில் விளிம்பே நிற்காது.

கோப்பு வந்ததும் வெர்னியர் காலிப்பர் கொண்டு உண்மைப் பாகத்தில் மூன்று இடங்களை அளந்து ஒப்பிடுங்கள். மி.மீ. என்று நினைத்த கோப்பு அங்குலத்தில் இருந்ததையும், இடது பாகம் வலது என்று பெயரிடப்பட்டு வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

4. யாருக்கு எந்த அளவு என்பதற்குச் சான்று சேருங்கள்

அறுவை சிகிச்சைக் குறிப்பில் கையால் எழுதிய அளவை நம்பாதீர்கள். நோயாளியின் கோப்பில் இம்பிளான்டுப் பெட்டியின் ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருக்கும். குறியீட்டு எண், தொகுதி எண், அளவு, இடது வலது எல்லாம் அதில் உண்டு. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, பெயரை மறைத்து, ஆய்வு எண் கொடுத்துச் சேமியுங்கள். பழைய கோப்பு கிடைக்காத இடங்களில் நோயாளியிடம் பில்லைக் கேளுங்கள். காப்பீட்டுக்காகப் பலர் பத்திரமாக வைத்திருப்பார்கள், அதில் இம்பிளான்டின் விவரம் தனியாக இருக்க வேண்டும். ஓர் அளவு தவறினால்கூட மென்பொருள் ஏதோ ஒரு நிலையில் பொருத்திவிடும், பிழை என்று உங்களை எச்சரிக்காது. ஆழத் திசையில் சில மி.மீ. தள்ளி வைத்து அளவு வேறுபாட்டை அது விழுங்கிவிடும்.

5. நெறிமுறைக் குழு, பதிவு, கதிர்வீச்சு

கொடுக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், நோயாளிக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம் (நோயாளி படிக்கும் மொழியிலும் ஆங்கிலத்திலும்), ஆய்வாளர்களின் தன்விவரம், துறைத் தலைவரின் கடிதம், கதிர்வீச்சு அளவின் மதிப்பீடு. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளைத்தான் குழுக்கள் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும். சிகிச்சைக்குத் தேவையில்லாத கூடுதல் எக்ஸ்ரே என்பதால் முழுக் குழுக் கூட்டத்துக்கே போகும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். குழு எத்தனை வாரத்துக்கு ஒரு முறை கூடுகிறது என்று முதலிலேயே கேளுங்கள். ஒரு திருத்தம் வந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க நேரும். மாணவர் ஆய்வுக்குக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், பல இடங்களில் வாங்குவதில்லை.

கதிர்வீச்சு மதிப்பீட்டில் எத்தனை வினாடி, வினாடிக்கு எத்தனை படம், சோதனைப் படங்கள் எத்தனை என்று எழுதுங்கள். கருவியின் தரச் சோதனைச் சான்று நடப்பில் உள்ளதா என்று கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு நகல் வாங்கி இணையுங்கள். அறையில் நிற்கப் போகிற உங்களுக்கும் உடலில் படும் கதிர்வீச்சைப் பதியும் டி.எல்.டி. அட்டை வேண்டும்.

இரண்டு இம்பிளான்டுகளையோ இரண்டு சிகிச்சை முறைகளையோ ஒப்பிடும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு வேண்டும். பதிவுக்குக் கட்டணமில்லை. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவை அவர்கள் ஏற்பதில்லை.

நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். திட்டத்தில் 'பக்கவாட்டுப் படம்' என்று மட்டும் எழுதினேன். பிறகு கோணத்தை மாற்ற நினைத்தபோது திருத்த விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று. கோணத்தை ஒரு வரம்பாக எழுதுங்கள்: 'பக்கவாட்டிலிருந்து 0 முதல் 15 டிகிரி வரை சாய்வாக'. ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும்.

6. நோயாளிக்கு முன் பொம்மை மூட்டில் அளந்து பாருங்கள்

மூன்று வாரம் ஒதுக்குங்கள். டிபியல் தட்டை நெகிழி எலும்பில் பொருத்தி, கோண அளவு குறித்த சுழல் மேசையில் வைத்து, −15 முதல் +15 டிகிரி வரை இரண்டிரண்டு டிகிரியாகத் திருப்பிப் படம் எடுங்கள். மென்பொருள் சொல்லும் கோணத்தை மேசைக் கோணத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் நிம்மதி. சமச்சீர்த் தட்டில் நேர்கோடு வராது. சில புள்ளிகள் கோட்டின் மேலும் சில புள்ளிகள் கண்ணாடியில் கவிழ்த்தது போல எதிர்ப் பக்கத்திலும் விழும். எந்தக் கோணத்துக்குள் இது நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கருவிக்கும் உங்கள் இம்பிளான்டுக்கும் உரிய குழப்ப வலயம். வேறு ஆய்வின் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.

இந்த வலயத்தின் நடுவில் உள்ள பூஜ்யக் கோணம், உணரித் தட்டுக்குச் செங்குத்தான கோடு அல்ல. குழாயிலிருந்து இம்பிளான்டுக்கு வரும் கதிரே பூஜ்யம். முழங்கால் படத்தின் நடுவிலிருந்து 100 மி.மீ. விலகி இருந்தால், 800 மி.மீ. தூரத்தில் அந்தக் கதிர் 7 டிகிரி சாய்ந்திருக்கும். படி ஏறும்போது முழங்கால் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனால், வழியில் குழப்ப வலயத்துக்குள் நுழைந்து வெளியேறவும் கூடும்.

காலிபரேஷன் படத்தை, அதாவது கருவியின் அளவுகளைச் சரிபார்க்கும் படத்தை, ஒவ்வொரு நாளும் எடுங்கள். பழைய வகைப் பட விரிவாக்கிக் குழாய் என்றால் ஓரங்கள் வளையும், அதற்குக் கட்டச் சட்டம் வைத்துத் திருத்த வேண்டும். தட்டை உணரியில் அந்த வேலை மிச்சம்.

7. படம் எடுக்கும் நாள்

நேர்த்தியான பக்கவாட்டுப் படம் எடுப்பதில் தொழில்நுட்பருக்குப் பெருமை உண்டு, அந்தப் பெருமை நியாயமானதும்கூட. நோய் கண்டறிய அதுதான் வேண்டும். உங்களுக்கோ அது வேண்டாம். முந்தைய நாளே அவரிடம் உட்கார்ந்து விளக்குங்கள்.

சமச்சீர்த் தட்டு என்றால் 10 டிகிரி சாய்த்து எடுங்கள். அப்போது பொய்யான நிலை உண்மையிலிருந்து 20 டிகிரி தள்ளிப் போய்விடும். அப்படித் திரும்பிய முழங்கால் இருக்க முடியாது என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். அதோடு சி-ஆர்மை மேல் கீழாகவும் 5 டிகிரி சாய்த்தால் இன்னும் நல்லது. பொய்யான நிலையில் தொடைப் பாகத்துக்கும் தட்டுக்கும் இடையே 10 டிகிரி வளைவு தோன்றும். தொடைப் பாகத்தில் தட்டின் மேல் உருளும் இரு குமிழ்களுக்கும் இடையே 45 மி.மீ. இருந்தால், ஒரு பக்கம் ஏறக்குறைய 8 மி.மீ. அந்தரத்தில் தொங்குவது போல் வரும். எடை தாங்கி நிற்கும் காலில் அது நடக்காது. கண்ணாலேயே தள்ளிவிடலாம்.

எல்லா அசைவிலும் தட்டு குழப்ப வலயத்தின் ஒரே பக்கத்தில் இருக்கிறதா என்று, எடை ஏற்றாத ஒரு சோதனைப் படத்தில் பாருங்கள். மறு கால் குறுக்கே வராமல் ஒரு படி முன்னே வைக்கச் சொல்லுங்கள்.

பக்கக் குறி எழுத்தை, அதாவது இடது வலது என்பதற்கான ஈய எழுத்தை, ஒட்டாமல் ஒரு படமும் எடுக்காதீர்கள். கருவி படத்தைத் தானே கவிழ்த்துச் சேமிக்கும் அமைப்பு உண்டு. இடது வலது உள்ள இம்பிளான்டில் கவிழ்ந்த படம் பொருந்தாமல் உங்களைத் தடுக்கும். சமச்சீர்த் தட்டிலோ அமைதியாகப் பொருந்திவிடும்.

எக்ஸ்ரேயின் துடிப்பு நேரம், அதாவது ஒரு படத்துக்குக் கதிர் பாயும் நேரம், குறைவாக இருக்கட்டும். நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் மடங்கும் முழங்கால், 10 மில்லிநொடித் துடிப்பில் 1 டிகிரி நகர்ந்துவிடும். விளிம்பு அந்த அளவுக்கு மங்கும். படங்களை டைகாம் கோப்பாக (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) வாங்குங்கள். திரையைப் பதிவு செய்த வீடியோவோ சுருக்கிய படமோ வேண்டாம். விளிம்பைக் கூர்மையாக்கும் அமைப்பை அணைக்கச் சொல்லுங்கள்.

8. மென்பொருள்

ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜாயின்ட்டிராக் இலவசமாகக் கிடைக்கிறது. நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு நிழலைப் பிரித்து, தானே பொருத்தும் பதிப்பும் உண்டு. உரிமம் வாங்கும் செலவு இல்லை, ஆனால் வரைகலைச் செயலி உள்ள கணினி தேவைப்படும். சிமென்ட் பற்றி ஓர் எச்சரிக்கை: அதில் எக்ஸ்ரேயைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பதால், தட்டின் அடியில் சிமென்டின் விளிம்பை இம்பிளான்டின் விளிம்பு என்று கணினி எடுத்துக்கொள்ளக்கூடும். 20 படங்களையாவது கையால் சரிபாருங்கள்.

9. வரைபடத்தில் பொய்யைக் கண்டுபிடிப்பது

தானியங்கி முடிவு வந்ததும் மூன்று கோணங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரையுங்கள். மடங்கல் கோடு சீராகப் போகும்போது, மற்ற இரு கோடுகளும் ஒரே படச்சட்டத்தில் ஒன்றாகத் துள்ளினால், அது அசைவு அல்ல, நிலை கவிழ்ந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் எதிர் நிலையையும் தொடக்கமாகக் கொடுத்து இன்னொரு முறை பொருத்துங்கள். இரண்டு விடைகளையும் சேமியுங்கள். தொடைப் பாகத்தோடு சேர்த்துப் பார்த்து, குமிழ்கள் தட்டைத் தொடும் விடையை வையுங்கள். இரண்டும் தொட்டால் அந்தச் சட்டத்தைத் 'தீர்மானிக்க இயலாதது' என்று தனியாகக் குறியுங்கள். அதை உங்கள் ஆய்வேட்டில் எண்ணிக்கையோடு எழுதவும் வேண்டும்.

இந்த வேலை முடியும் வரை கோட்டை மென்மையாக்கும் வடிகட்டியைத் தொடாதீர்கள். நான் தொட்டேன். +4, −4, +4, −4 என்று துள்ளிய எண்களை அது சராசரியாக்கி, பூஜ்யத்தை ஒட்டி ஓர் அழகான கோட்டைக் கொடுத்தது. 'இந்த வகை இம்பிளான்டில் அச்சுச் சுழற்சி மிகக் குறைவு' என்று அதை வைத்து ஒரு முடிவையும் எழுதினேன். அந்த மருத்துவர் வடிகட்டாத வரைபடத்தைக் கேட்டிருக்காவிட்டால், ஒரு நல்ல இம்பிளான்டைப் பற்றி அப்படியொரு பொய் அச்சேறியிருக்கும்.

10. ஒற்றைப் படம் போதாது என்று எப்போது ஏற்க வேண்டும்

உங்கள் முதன்மைக் கேள்வி அச்சுச் சுழற்சியாக இருந்து, இம்பிளான்ட் சமச்சீராக இருந்து, அசைவும் குழப்ப வலயத்தைக் கடந்தே தீரும் என்றால், இரு திசைப் படக் கருவி உள்ள இடத்தோடு கூட்டாகச் செய்யுங்கள். ஒரு திசையில் பொருந்தும் பொய் நிலை மறு திசையில் பொருந்தாது. இம்பிளான்ட் எலும்பில் மெல்ல நகர்கிறதா என்ற நுண் அளவீடு என்றால், அதற்கான ஐ.எஸ்.ஓ. 16087 தரத்தைப் படியுங்கள். அங்கே அறுவை சிகிச்சையின்போதே 0.5 முதல் 1 மி.மீ. அளவுள்ள டான்டலம் மணிகளை எலும்பில் பதிப்பார்கள். அதற்கான ஒப்புதலை அறுவை சிகிச்சைக்கு முன்பே வாங்க வேண்டும், பிறகு சேர்க்க வழியில்லை.

இரண்டுக்கும் வசதி இல்லை என்றால், சமச்சீர் அல்லாத தட்டு பொருத்திய நோயாளிகளை மட்டும் சேர்ப்பதாகத் திட்டத்தை மாற்றலாம். ஆள் சேர்க்க இரு மடங்கு காலம் ஆகும். இரண்டாவது முறை நான் அப்படித்தான் செய்தேன். 14 மாதத்தில் ஒன்பது பேர் கிடைத்தார்கள்.

ஆய்வுத் திட்டத்தைக் குழுவுக்கு அனுப்புவதற்கு முந்தைய மாலை, இரண்டாம் பகுதியில் சொன்ன +4, −4 நிழல் படத்தை அச்சடித்து இணைப்பாக வையுங்கள். எங்கள் குழுவில் இருந்த எலும்பு மருத்துவர் அதைப் பார்த்ததும், சாய்வுக் கோணத்தைப் பற்றி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.